சுவர் இருந்த இடம்

சிவகாசியிலும் விருதுநகரிலும் வளர்ந்த எங்களுக்கு ஆலயப் பிரவேசம் என்றதும் 1899 நினைவுக்கு வரும். கோயிலுக்குள் நுழையும் உரிமை கேட்ட நாடார்களுக்கும் அதை மறுத்தவர்களுக்கும் இடையே மூண்ட பகை, அவ்வாண்டு ஜூன் 6 அன்று சிவகாசியைத் தீக்கிரையாக்கியது. தீப்பெட்டியும் பட்டாசும் இவ்வூருக்கு வருவதற்கு முந்தைய தீ அது. சிலுவையின் நிழலில் இருந்தவர்கள் இத்தகைய வழக்குகளுக்கு அப்பாற்பட்டவர்கள் என்றே வெகுகாலம் எண்ணியிருந்தோம். வடக்கன்குளம் அந்த எண்ணத்தை மாற்றியது.

கோவில்பட்டி, திருநெல்வேலி, பணகுடி வழியாகச் சென்று அவ்வூரை அடைந்தோம். பழைய தேவாலயங்களைக் காணச் செல்பவர்கள் கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பது வழக்கம். இங்கோ, திருக்குடும்ப ஆலயத்தின் அமைப்பைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு நீண்ட கூடங்கள் விலகித் தொடங்கி, பலிபீடத்தருகே ஒன்றுகூடுகின்றன. பீடத்தில் நிற்கும் குருவை இரு கூடத்தாரும் காணலாம். ஒரு கூடத்தார் மறு கூடத்தாரைக் காண இயலாது. 1872இல் எழுந்த இக்கட்டடத்தில் ஒரு கூடம் நாடார்களுக்கு, மற்றொன்று வேளாளருக்கும் அவர்களைச் சார்ந்தோருக்கும் என்று பிரிக்கப்பட்டிருந்தது. சாதியை ஒழிக்கவும் இயலாமல், இரு தரப்பில் எவரையும் இழக்கவும் மனமில்லாமல், சேசு சபைக் குருக்கள் கண்ட சமரசம் இது. சமரசம் பேச்சோடு நின்றிருந்தால் மறைந்திருக்கும். செங்கல்லும் சுண்ணாம்புமாக நின்றதால் இன்றும் நம் கண்ணில் படுகிறது.

1910இல் கௌசானல் அடிகளார் தடுப்புச் சுவரை இடித்தார். தங்கள் தனியுரிமை பறிபோனதாக வேளாளத் தரப்பினர் நீதிமன்றம் சென்றனர். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை நடந்து தோற்றது. இதற்குச் சற்று முன்னர், 1908இல், கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலில் நுழைய நாடார்களுக்கு உரிமையில்லை என்று லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்திருந்தது. ஒரே ஆட்சியின் நீதிமன்றங்கள், ஓரிடத்தில் வழக்கத்தைக் காத்தன. மற்றோரிடத்தில் வழக்கத்தை முன்வைத்த கோரிக்கையைத் தள்ளின. ஆ. சிவசுப்பிரமணியனின் ‘கிறித்தவமும் சாதியும்’ இவ்வரலாற்றை விரிவாக ஆராய்கிறது.

இவ்வூருக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1745இல், இன்றைய ஆலயம் எழுவதற்கு நெடுங்காலம் முன்பே, திருவிதாங்கூர் அரசுப் பணியாளரான நீலகண்ட பிள்ளை இங்குதான் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1752இல் ஆரல்வாய்மொழி அருகே காற்றாடி மலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகியவர் என்பது அவரைப் பற்றிய மரபுச் செய்தி. 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டபோது, எழுந்த கோரிக்கையை ஏற்று, ‘பிள்ளை’ என்னும் பின்னொட்டை வத்திக்கான் நீக்கியிருந்தது.

சுவர் விழுந்ததற்கும் பெயரிலிருந்து சாதி உதிர்ந்ததற்கும் இடையே நூற்றுப் பன்னிரண்டு ஆண்டுகள். ஒரு கூடத்தில் அமர்ந்து மறு கூடத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தோம். சுவர் இல்லை. கூடங்கள் இரண்டாகவே இருக்கின்றன.