கடல் குடித்த என்ஜின்கள்

நார்வேயில் பிறந்த ஓலே எவின்ரூட், 1909-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் படகின் பின்புறத்தில் பொருத்தும் தன் அவுட்போர்டு மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். ஒற்றைச் சிலிண்டர், ஒன்றரைக் குதிரைத்திறன், ஏறத்தாழ 28 கிலோ எடை. பழுது பார்க்கவும் எளியது.

அந்தக் கால மோட்டார்கள் பலவற்றில் புரொப்பெல்லரைத் தண்டோடு பிணைப்பது ஒரு சிறிய பின். பாறையில் மோதினால் முதலில் அது முறியும். விலை கூடிய பல்சக்கரங்கள் தப்பும். படகோட்டிகள் உபரிப் பின்களைக் கையோடு வைத்திருந்தனர். முறிந்த பின்னை மாற்றுவதிலும் ஆபத்து உண்டு. கியரில் இருக்கும் மோட்டாரின் புரொப்பெல்லரைக் கையால் சுழற்றினால் என்ஜின் உயிர்பெறக்கூடும். அதனால் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றுவதே முதல் வேலை.

பின் முறிவது சிறிய பழுது; என்ஜின் கடலில் மூழ்குவது அப்படியல்ல. 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி, தமிழகக் கரையில் படகுகளோடு என்ஜின்களையும் உப்புநீரிலும் மணலிலும் புரட்டிப்போட்டது. மூழ்கிய என்ஜினை வெளியே எடுத்ததும், காற்றுப் பட்ட உலோகத்தில் துரு வேகமாகப் பிடிக்கும். உடனே நன்னீரில் கழுவி, பிளக்கைக் கழற்றி நீரை வடித்து, சிலிண்டரில் எண்ணெய் விட வேண்டும். சுழற்றும்போது மணல் அரைபட்டால் ஸ்டார்ட்டர் கயிற்றை இழுக்கவே கூடாது. பிரித்துத்தான் ஆக வேண்டும். ஓடும்போதே மூழ்கியிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கலாம்.

எவின்ரூட் மோட்டார்களின் உற்பத்தி 2020-இல் நின்றுபோனது. பழைய மோட்டார் வைத்திருப்பவர்கள் அதைக் காயலான் கடைக்குத் தள்ளுமுன், அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள்.