லினக்ஸ் மடிக்கணினிகளில் நிலைப்பொருள் புதுப்பித்தல்

மடிக்கணினியின் தாய்ப்பலகைச் சிப்பில் பதிந்திருந்து, ஆளியை அழுத்தியதும் முதலில் ஓடும் நிரலே நிலைப்பொருள். பேச்சில் இன்றும் அது பயோஸ்தான். தயாரிப்பாளர்கள் இதற்கான திருத்தங்களை பெரும்பாலும் விண்டோஸுக்கான கோப்பாகவே நெடுங்காலம் வெளியிட்டு வந்தனர். லினக்ஸ் பாவிப்போர் ஃப்ரீடோஸ் ஏற்றிய பென் டிரைவாலோ, அதற்கென்றே விண்டோஸ் நிறுவியோ சமாளித்தனர்.

2015இல் நிலைமை மாறியது. ரெட் ஹாட் பொறியியலாளர் ரிச்சர்ட் ஹியூஸ் உருவாக்கிய எஃப்டபிள்யூஅப்டி என்னும் மென்பொருளும், தயாரிப்பாளர்கள் தம் கோப்புகளை ஏற்றிவைக்கும் எல்விஎஃப்எஸ் சேவையும் அப்போது வந்தன. டெல் முதலில் சேர்ந்தது, லெனோவோ 2018இல். உபுண்டு, ஃபெடோரா இரண்டிலும் இம்மென்பொருள் உண்டு. அது கோப்பின் கையொப்பத்தைச் சரிபார்த்து, வன்தட்டின் ஈஎஃப்ஐ பகுதியில் வைக்கும். எழுதும் வேலையை மறுதொடக்கத்தின்போது நிலைப்பொருளே செய்துகொள்ளும்.

கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடமும், 2021இல் தனிப் பல்கலைக்கழகமான வவுனியா வளாகமும் இருக்கும் இலங்கையின் வன்னியில் லினக்ஸ் மடிக்கணினி புதினமல்ல. இங்கு ஒன்று சொல்லவேண்டும்: அலுவலகங்களில் ஓடிக் கழிந்த, லெனோவோவின் திங்க்பேட், டெல்லின் லாட்டிடியூட் வகைகளுக்கு எல்விஎஃப்எஸ் சேவையில் கிடைக்கும் ஆதரவு, கடையில் புதிதாக வாங்கும் பல மலிவு மாதிரிகளுக்குக் கிடைப்பதில்லை. இந்த விடயத்தில் பழசே மேல்.

ஆனால் பழசுக்குப் பற்றரிதான் வில்லங்கம். சார்ஜரைச் செருகியிருந்தாலும், பற்றரி செத்திருந்தால் பல கணினிகள் புதுப்பிக்க மறுக்கும். அந்த மறுப்பு நல்லதுதான். 2022இல் நாளுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு நீண்ட நாட்டில், எழுதும் நடுவில் கரண்ட் போனால் கணினி எழும்பாமலே போகலாம். பிறகு திருத்துநர் மூடியைக் கழற்றி, எட்டுக்கால் சிப்பில் கிளிப்பைப் பொருத்தி, சரியான கோப்பை நேரடியாக எழுதவேண்டும். அந்தக் கருவி எல்லாக் கடையிலும் இராது.

பழைய ‘லெகசி’ முறையில் லினக்ஸ் நிறுவியிருந்தாலும் எஃப்டபிள்யூஅப்டி வழி அடைபடும். அப்படியான டெல் கணினியில் எஃப்12 விசையை அழுத்தினால் வரும் பட்டியலில் பயோஸ் புதுப்பிக்கும் தெரிவு உண்டு. விண்டோஸுக்கான அதே கோப்பைப் பென் டிரைவிலிருந்து அது வாசிக்கும். பழைய திங்க்பேட்டுகளுக்கு லெனோவோ சீடி பிம்பம் வெளியிட்டது. சிக்னல் எடுக்காத இடமென்றால், எல்விஎஃப்எஸ் கோப்பை வேறிடத்தில் தரவிறக்கிக் கொண்டுவந்தும் நிறுவலாம்.

கையொப்பமிட்ட நிரலை மட்டும் தொடங்கவிடும் ‘செக்கியூர் பூட்’ வசதிக்கான மைக்ரோசொஃப்டின் 2011ஆம் ஆண்டுச் சான்றிதழ்கள் 2026 யூன் முதல் காலாவதியாகின்றன. லினக்ஸ் கணினிகளுக்கு அவற்றின் புதிய பதிப்புகளும் எஃப்டபிள்யூஅப்டி வழியாக வருகின்றன. செக்கியூர் பூட்டை அணைத்து வைத்திருப்போருக்கு இதில் அவசரமில்லை.