பருந்தும் வளவும்: கிழக்கிலங்கை முஸ்லிம் பெண்களின் கோழி வளர்ப்புப் பற்றிச் சில குறிப்புகள்

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் வரலாற்றை எழுத உட்காரும்போது நாம் வழமையாகத் தொடங்கும் இடங்கள் சில உண்டு. போர்த்துக்கேயரின் ஆட்சிப் பகுதியிலிருந்து துரத்தப்பட்டோருக்குக் கண்டி மன்னன் செனரத் 1626ஐ ஒட்டி மட்டக்களப்புப் பகுதியில் இடமளித்தது, குடி வழமை, வயற்காணி, நெசவு, பள்ளிவாசல் நிர்வாகம் என்பன அவை. எல்லாம் எழுதப்பட வேண்டியவைதான். ஆனால் வீட்டைச் சுற்றிய வளவு இந்த எழுத்துகளில் அருமையாகவே தலைகாட்டுகிறது. அந்த வளவில் பெண்கள் நாள்தோறும் நடத்திய ஒரு காவல் உண்டு. கோழிக்குஞ்சைப் பருந்திடமிருந்து காத்த காவல் அது. எங்கள் பகுதியில் வயதான பெண்களிடம் சில காலமாக இது பற்றிக் கேட்டுக் குறித்து வருகிறேன். அக்குறிப்புகளிலிருந்து சிலவற்றை இங்கே தருகிறேன்.

முதலில், கோழி யாருடையது? கிழக்கில் கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதே வழக்கம். வீடும் வளவும் மகளுக்கே எழுதப்படும். ஆகவே வளவில் மேயும் கோழியும் பெண்ணின் சொத்துத்தான். வயல் வாப்பாட, கோழி உம்மாட. முட்டை விற்ற காசுக்கும் சேவல் விற்ற காசுக்கும் ஆண்கள் கணக்குக் கேட்பதில்லை. சீட்டுக் கட்டியதும், பிள்ளைக்குக் கொப்பி வாங்கியதும், பெருநாளைக்கு ஒரு சட்டைத்துணி எடுத்ததும் அந்தக் காசில்தான். ஒரு அடைக்கோழி பத்துக் குஞ்சோடு இறங்கி, ஒரு மாதத்தில் மூன்று மிஞ்சினால், நட்டப்பட்டவள் அந்த வீட்டுப் பெண். அந்த நட்டம் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

எடுத்தவை எவை? பகலில் முதலாவது செம்பருந்து. கரைவலை இழுக்கும் இடத்தில் மீனுக்காக வட்டமிடும் அதே பறவைதான். மாரியில் கடல் மூர்க்கமாகி வலை ஓயும் நாள்களில் அது ஊருக்குள் கூடுதலாக வரும் என்பது என் உம்மாவின் கணக்கு. அடுத்தது வல்லூறு. பருந்து உயரத்தில் சுற்றுவதால் கண்ணில் படும். வல்லூறோ மரக்கிளையில் மறைந்திருந்து திடீரென்று பாயும். தரையில் கீரி, முட்டைக்குச் சாரைப்பாம்பும் உடும்பும், இரவில் மரநாய், காட்டுப்பூனை, வயலோரத்தில் நரி. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, மேற்கே காடு வெட்டப்பட்டுப் பெருநிலம் வயலானபோது இந்தப் பட்டியலும் மாறத் தொடங்கியது. எந்த ஊரில் எந்தக் காலத்தில் கோழியை எது பிடித்தது என்று கேட்டால், அந்த ஊரின் காடு எப்போது பின்வாங்கியது என்பதற்கும் பதில் கிடைக்கிறது.

காவலுக்குத் துவக்கு இருக்கவில்லை. பையன்களிடம் கெட்டபோல் இருந்தது. அது பருந்துக்கு எட்டாது. இருந்தவை கரப்பு, மாதுளை, கொய்யாப் பற்றை, பிறகு காது. தாய்க்கோழிக்கு இரண்டு எச்சரிக்கைக் குரல் உண்டு. வானத்தில் எதிரியைக் கண்டால் மெல்லிய, நீண்ட ஒற்றைக் குரல்; குஞ்சுகள் பற்றைக்குள் ஓடி அசையாமல் பதுங்கும். தரையில் கீரியோ பாம்போ வந்தால் விட்டுவிட்டுக் கொக்கரிக்கும். விலங்கியலாளர்கள் பரிசோதனை செய்து எழுதியிருக்கும் இந்த வேறுபாட்டை, குசினிக்குள் அரிசி களைந்துகொண்டிருந்த பெண் காதாலேயே அறிந்திருந்தாள். முதற்குரலுக்கு அண்ணாந்து பார்த்தபடி வெளியே ஓடுவாள். மற்றதற்குத் தடியோடு ஓடுவாள்.

அவள் போடும் சத்தம் அவளுடைய வளவோடு நிற்பதில்லை. “பருந்து வருகுது புள்ள!” என்று ஒருத்தி கத்தினால் கிடுகு வேலிக்கு அப்பால் ராத்தாவும், அதற்கடுத்த வளவில் சாச்சியும் “சூ... சூ...” என்று கைதட்டுவார்கள். பெண்வழியாக வளவு பிரிந்ததால் பக்கத்து வீடுகளில் இருந்தவர்கள் தாயும் மகள்மாரும் சகோதரிகளும்தான். குடி வழமையைத் திருமணத்தோடும் பள்ளிவாசல் மரைக்காயர் பதவியோடும் மட்டுமே சேர்த்துப் பேசுகிறோம். பருந்துக் காவலும் அந்த உறவின் மேல்தான் நின்றது.

இதைவிட முக்கியமான அறிவு ஒன்று இருந்தது. கோழி போன பிறகு, யார் எடுத்தது என்று கண்டறிவது. வெட்டையில் நின்ற குஞ்சு சுவடே இல்லாமல் போனால் பருந்து. ஓரிடத்தில் வட்டமாக இறகு பிய்ந்து கிடந்தால் வல்லூறு. கூட்டுக்குள் கழுத்தில் கடிபட்டுக் கிடந்தால் கீரி அல்லது மரநாய். இரண்டு மூன்றைக் கொன்று தின்னாமலே போட்டிருந்தால் நாய். முட்டை மட்டும் ஓடுகூட இல்லாமல் மறைந்திருந்தால் பாம்பு. இந்த வாசிப்பு வெறும் கெட்டித்தனமல்ல. தடயம் தெரியாத வீட்டில் சந்தேகம் அடுத்த வீட்டுப் பையன்மேல் விழும். ‘கோழிக்கள்ளன்’ என்ற பெயர் ஒருமுறை விழுந்தால் கலியாணம் பேசும்போதும் வந்து நிற்கும். வேலியோரம் இறகைக் கையில் எடுத்துப் பார்த்து, “மனிசன் இல்ல, வல்லூறுதான்” என்று ஒரு மூதாட்டி சொல்லிவிட்டால் ஒரு குடும்பத்தின் மானம் தப்பும்.

ஹதீஸ் நூல்களில் பருந்து வரும் இரண்டு இடங்கள் நமக்குத் தெரியும். ஹரம் எல்லைக்குள்ளும் கொல்ல அனுமதிக்கப்பட்ட தீங்கு தரும் ஐந்தில் காகத்தோடும் எலியோடும் பருந்தும் ஒன்று. இது மார்க்க வகுப்பில் எல்லோரும் கேட்டது. மற்றது ஸஹீஹுல் புகாரியில் ஆயிஷா நாயகி (ரலி) அறிவிக்கும் சம்பவம். ஒரு கோத்திரத்தில் வாழ்ந்த, விடுதலை பெற்ற கறுப்பினப் பெண் அவர். அக்கோத்திரத்துச் சிறுமியின் சிவப்புத் தோற்பட்டியை இறைச்சி என்று எண்ணிப் பருந்து தூக்கிப் போய்விட்டது. பழி அந்தப் பெண்மேல் விழுந்தது; அவரை மானபங்கமாகச் சோதித்தார்கள். அந்த நேரத்திலேயே பருந்து மேலே வந்து பட்டியை அவர்கள் நடுவில் போட்டது. அவர் அந்தக் கூட்டத்தை விட்டு வந்து நபி (ஸல்) அவர்களிடம் இஸ்லாத்தைத் தழுவினார். பள்ளிவாசலில் அவருக்கு ஒரு சிறு கூடாரம் இருந்தது. பருந்து எடுத்ததற்கு ஏழையின்மேல் பழி விழுவது எவ்வளவு பழைய கதை! எங்கள் வளவுகளில் இறகை வாசித்த பெண்கள் அந்த அநியாயம் நடக்காமல் பார்த்துக்கொண்டார்கள் என்றே நான் கருதுகிறேன்.

பிறகு என்ன நடந்தது? கோழி வளர்ப்பை ஒழித்தது பருந்து அல்ல. கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை ஏக்கர் வளவு என்றால் 80 பேர்ச். நான்கு மகள்மாருக்குப் பிரித்தால் ஆளுக்கு 20. அவர்களும் நான்காகப் பிரித்தால் 5. ஐந்து பேர்ச்சில் வீடும் கிணறும் போக, கோழி எங்கே மேய்வது? எழுபதுகளின் இறுதியிலிருந்து மத்தியகிழக்குக் காசு வந்தது. கிடுகு வேலி மதிலானது. மதில் நாயைத் தடுத்தது உண்மை. ஆனால் ராத்தாவின் சத்தத்தையும் அது தடுத்தது. அதன் பின்னர் போர்க்காலம். இரவில் கூட்டில் கோழி கத்தினாலும் விளக்கெடுத்துக்கொண்டு வெளியே இறங்கப் பயந்த ஆண்டுகள் அவை. 2004 டிசம்பர் 26 கடல் எடுத்தபின், கரையோரத்தில் வாழ்ந்த பலர் மாடி வீடுகளுக்குப் போனார்கள். அங்கே வளவு என்ற பேச்சே இல்லை. இதற்கிடையில் புரொய்லர் இறைச்சி கடைக்குக் கடை வந்து, கோழிக்காசு என்ற சொல்லும் பழசாகிப் போனது. இன்று எங்கள் பக்கத்தில் எஞ்சியிருக்கும் சில குஞ்சுகளைத் தூக்குவது பெரும்பாலும் குப்பைமேட்டில் பெருகிய காகம்தான்.

பெண்ணின் கையில் தனியாகப் புழங்கிய ஒரு சிறு பொருளாதாரம் இப்படிச் சத்தமில்லாமல் முடிந்தது. அதோடு அயலவரைச் சந்தேகிக்காமல் வாழ உதவிய ஓர் அறிவும் போகிறது. உறுதிப் பத்திரங்களில் வளவின் எல்லைகள் இருக்கின்றன. கோழியின் செய்தி இராது. அது எண்பதைத் தாண்டிய பெண்களின் நினைவில்தான் இருக்கிறது. காத்தான்குடியிலிருந்து பொத்துவில் வரை ஒவ்வொரு ஊரிலும் இதைத் திரட்டலாம். பெரிய ஆயத்தம் தேவையில்லை. மூத்தம்மாவின் பக்கத்தில் ஒரு கொப்பியோடு உட்கார்ந்து, “உங்கட வளவில கோழிய எது புடிச்ச?” என்று கேட்டுத் தொடங்கினால் போதும்.