நாலு ரன் பாக்கி

1948 ஆகஸ்ட் 14. லண்டன் ஓவல் மைதானம். ஆஸ்திரேலியாவின் டான் பிராட்மேன் தன் கடைசி டெஸ்டில் ஆட வருகிறார். கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று கை தட்டுகிறது. எதிரணி இங்கிலாந்துக்காரர்களே சுற்றி நின்று, தொப்பியைக் கழற்றி, மூன்று முறை 'ஹுர்ரே' போட்டு வரவேற்கிறார்கள்.

எரிக் ஹோலிஸ் போட்ட முதல் பந்தைத் தடுத்தார். இரண்டாவது, கூக்ளி. ஸ்டம்ப் காலி. டக் அவுட்!

இதில் என்ன பெரிய சோகம் என்கிறீர்களா? ஒரு சின்ன கணக்கு போடுங்கள். அன்றைக்குக் காலைவரை பிராட்மேன் எடுத்திருந்தது 6,996 ரன். அவுட் ஆனது 69 தடவை. வகுத்தால் சராசரி 101.39. ஹோலிஸ் புண்ணியத்தில் அவுட் 70 ஆனது. ரன் ஏறவில்லை. சராசரி 99.94-க்கு இறங்கிவிட்டது. நாலே நாலு ரன் அடித்துவிட்டு அவுட் ஆகியிருந்தால் சரியாக 100. இரண்டாவது இன்னிங்ஸ் இருக்கிறதே என்றால், அதுவும் இல்லை. இங்கிலாந்து இன்னிங்ஸ் தோல்வி அடைந்து அந்த வாய்ப்பையும் கெடுத்துவிட்டது.

கவனித்தீர்களா? ரன்னை இன்னிங்ஸால் வகுக்கவில்லை, அவுட்டால் வகுத்தோம். பேட்டிங் சராசரி என்றால் அதுதான். இங்கேதான் ஒரு வில்லங்கமும் இருக்கிறது.

1953-ல் இங்கிலாந்துக்குச் சுற்றுப்பயணம் போன ஆஸ்திரேலிய அணியில் பில் ஜான்ஸ்டன் என்று ஒருவர். வேலை, பந்து வீசுவது. பேட்டிங்கில் பதினோராவது ஆள். அந்தப் பயணத்தில் 17 இன்னிங்ஸ் ஆடி மொத்தமே 102 ரன்தான் எடுத்தார். ஆனால் 16 தடவை நாட் அவுட், ஒரே ஒரு தடவைதான் அவுட். ஆகவே சராசரி 102! இதில் கேப்டன் ஹாசெட்டின் கைங்கரியமும் உண்டு என்பார்கள். கணக்குப்படி பார்த்தால் பிராட்மேனைவிட ஜான்ஸ்டன் கெட்டிக்காரர். ஜான்ஸ்டனே சிரித்துவிடுவார்.

ஆண்டி காண்டோம் கதையில் சிரிக்க முடியாது. டிரினிடாட்காரர். 1948-ல் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் இங்கிலாந்துக்கு எதிராக முதல் டெஸ்ட். முதல் இன்னிங்ஸிலேயே 112. நிதானமாக ஆடினார். ரொம்ப நிதானம் என்று நினைத்தார்கள்போல. வேகமாக ஆடச்சொல்லி உள்ளே சீட்டு வந்தது. அடுத்த டெஸ்டில் ஆள் இல்லை. அதற்கடுத்தும் இல்லை, கடைசிவரைக்கும் இல்லை. ஒரே டெஸ்ட், ஒரே இன்னிங்ஸ், சராசரி 112. 2016-ல் காலமாகும்வரை அந்த எண் அவர் பெயருக்குப் பக்கத்திலேயே இருந்தது. அது பெருமையா, பரிகாசமா? என்னைக் கேட்டால் இரண்டும்தான்.

ஆகவே சராசரியை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. எத்தனை தடவை ஆடி வந்த சராசரி என்று கேட்க வேண்டும். பிராட்மேன் 20 வருஷத்தில் 52 டெஸ்ட், 80 இன்னிங்ஸ் ஆடியவர். அந்தப் பரீட்சையில் பாஸ்.

அந்தக் காலத்தில் ரன் எடுப்பது சுலபம் சார் என்று சிலர் சொல்வார்கள். சரி, அதே காலத்து ஜாம்பவான்களைப் பார்ப்போம். ஹாமண்ட் 58.45. சட்க்ளிஃப் 60.73. ஹெட்லி 60.83. சுலபம் என்றால் இவர்களுக்கும் சுலபமாகத்தானே இருந்திருக்க வேண்டும்? மகா கெட்டிக்காரர்களே 60-ஐ ஒட்டி நிற்கிறார்கள். இவர் மட்டும் நூறைத் தொட்டுக்கொண்டு நிற்கிறார்.

இந்த இடைவெளியை அளக்க ஒரு முழக்கோல் இருக்கிறது. ஸ்டாண்டர்டு டீவியேஷன். தமிழில், திட்ட விலக்கம். பி.காமில் இதை நெட்டுருப் போட்டபோது எதற்கென்று யாரும் சொல்லவில்லை. கிரிக்கெட்டுக்கு என்று சொல்லியிருந்தால் இன்னும் நாலு பேர் பாஸாகியிருப்பார்கள். ஒரு வகுப்பில் சராசரி மார்க் 50. எல்லோரும் 45-க்கும் 55-க்கும் நடுவே. அங்கே ஒருவன் 65 வாங்கினால் அதிசயம். இன்னொரு வகுப்பிலும் சராசரி 50-தான். ஆனால் மார்க் 10-லிருந்து 90 வரை சிதறிக் கிடக்கிறது. அங்கே 65-ஐ யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்தச் சிதறலின் அளவுதான் திட்ட விலக்கம்.

இதில் ஒரு பெரிய வசதி, ரன்னையும் கோலையும்கூட ஒப்பிடலாம். அவரவர் கூட்டத்தைவிட்டு எத்தனை விலக்கம் தள்ளி நிற்கிறார்கள் என்று பார்த்தால் போதும். ஆஸ்திரேலியாவின் சார்லஸ் டேவிஸ் 2000-ல் வெளிவந்த புத்தகத்தில் அதைத்தான் செய்தார். கூடைப்பந்தில் மைக்கேல் ஜோர்டன் 3.4. கோல்ஃபில் ஜாக் நிக்லாஸ் 3.5. பேஸ்பாலில் டை காப் 3.6. கால்பந்தில் பீலே 3.7. பிராட்மேன்? 4.4.

வித்தியாசம் புள்ளி ஏழுதானே என்று நினைக்காதீர்கள். கணக்குப் புத்தகத்து மணி வடிவ வளைவின்படி 3.7 என்பது சுமார் 9,300 பேரில் ஒருவர். 4.4 என்பது சுமார் 1,85,000 பேரில் ஒருவர். ஆட்டக்காரர்கள் அப்படியே அந்த வளைவுக்குள் அடங்க மாட்டார்கள்தான். ஆனாலும் தூரம் புரிகிறதல்லவா?

டேவிஸுக்கு வெகுகாலம் முன்பே இந்தத் தூரம் இங்கிலாந்துக்குப் புரிந்துவிட்டது. 1930 தொடரில், 21 வயதில், பிராட்மேன் அவர்கள் ஊரிலேயே 974 ரன் குவித்தார். சராசரி 139.14. இந்தப் பையனை என்ன செய்வது என்று யோசித்தவர்களில் ஒருவர் டக்ளஸ் ஜார்டின். 1932-33-ல் கேப்டனாக ஆஸ்திரேலியா வந்தவர் கண்டுபிடித்த வழி, ஸ்டம்பை விட்டுவிட்டு உடம்பைப் பார்த்து வீசுவது. காலுக்குப் பக்கத்தில் கூட்டமாக ஃபீல்டர்கள். அடி வாங்கு, அல்லது கேட்ச் கொடு. பாடிலைன்! வீசியவர்களில் முக்கியமானவர், சுரங்கத் தொழிலாளியாக இருந்த ஹெரால்ட் லார்வுட். அடிலெய்டில் அவர் பந்து ஆஸ்திரேலிய கேப்டன் உட்ஃபுல்லின் நெஞ்சில் இறங்கியது. இரண்டு நாடுகளுக்கு நடுவே தந்திகள் பறந்தன.

ஜார்டின் ஜெயித்தார், 4-1. பிராட்மேனின் சராசரியும் விழுந்தது. எவ்வளவுக்கு? 56.57-க்கு. நம் சச்சினின் ஆயுட்காலச் சராசரி 53.78 என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு அந்த எண்ணை இன்னொரு தடவை படியுங்கள். உடம்பைக் குறிவைத்து எறிந்து, சிநேகிதத்தைக் கெடுத்துக்கொண்டு, பிராட்மேனை அவர்களால் இறக்க முடிந்தது அவ்வளவுதான்.

லார்வுட் அந்தத் தொடரில் எடுத்தது 33 விக்கெட். ஊர் திரும்பியதும் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். கேப்டன் சொன்னதைத்தானே செய்தேன், மாட்டேன் என்றார். வயது 28. அதற்குப் பிறகு ஒரு டெஸ்டுக்கும் அவரைக் கூப்பிடவில்லை. 1950-ல் குடும்பத்தோடு கப்பலேறி, ஆஸ்திரேலியாவுக்கே போய்க் குடியேறிவிட்டார்.