நினைவிழந்தோரும் நிர்ணயிப்போரும்: விருதுநகர் வட்டாரத்துச் சரித்திரம் ஒன்று

தலையில் பலத்த அடிபட்டோ, மூளையில் இரத்தக் குழாய் வெடித்தோ ஸ்மரணை தப்பிக் கிடக்கும் ஒருவருக்கு மேலும் வைத்தியம் செய்வதா, செய்வதை நிறுத்துவதா, அல்லது வீட்டுக்கு எடுத்துச் செல்வதா என்று நிர்ணயிக்கும் பொறுப்பு யாரைச் சார்ந்தது என்னும் கேள்வி, நீதிமன்ற ஏடுகளில் சென்ற அரை நூற்றாண்டுக்குள் ஏறியதுதான் என்றாலும், விருதுநகர், சாத்தூர், சிவகாசி, அருப்புக்கோட்டை என்று நீளும் கரிசல் பூமியில் அது வீட்டுத் திண்ணைகளில் நெடுநாளாகவே பேசப்பட்டு, நல்லதோ பொல்லாததோ, தனக்கென ஒரு வழக்கத்தையும் உண்டாக்கிக்கொண்டதாகும். அவ்வழக்கம் எவ்வாறு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துக்கு இடம்பெயர்ந்தது, பின்னர் எவ்வாறு சட்டத்தின் பார்வைக்குள் வந்தது என்று ஆராய்வதே இக்கட்டுரையின் உத்தேசம். ஆராயுங்கால் ஒன்று தெளிவாகிறது: தீர்மானிக்கும் உரிமை யாருக்கு என்று காலந்தோறும் சர்ச்சை செய்து வந்திருக்கிறோமே ஒழிய, தீர்மானத்துக்குப் பிறகு படுக்கையருகில் இருக்கப்போகிறவர் யார், அவர் எத்தனை நாள் தாங்குவார் என்பதைப் பற்றி வெகு சொற்பமாகவே யோசித்திருக்கிறோம்.

பக்கவாதம் கண்டு வாய் கோணிப் படுத்தவர், பனையிலிருந்து விழுந்து பேச்சடைத்துப் போனவர், முதுமையால் நினைவு மங்கி ஆகாரம் இறங்காமல் கிடப்பவர் ஆகிய எல்லாரையும் குறித்து இவ்வட்டாரத்துக் கிராமத்தார் 'உயிர் இழுத்துக்கொண்டிருக்கிறது' என்றே சொல்வர். இழுபறியான உயிருக்கு ஏதோ ஒரு பற்று பாக்கியிருக்கிறது என்று நம்பி, சொந்த நிலத்து மண்ணைக் கரைத்து வாயில் விடுவதும், காசை உரைத்துக் கொடுப்பதும், பேரன் பேத்திகளை வரிசையாக நிறுத்திப் பால் ஊற்றச் செய்வதும் நெடுங்காலமாக நடந்துவருபவை. இவை பெரும்பாலும் விடைகொடுக்கும் சடங்குகளே. ஆனால் இவற்றின் பக்கத்திலேயே வேறொன்றும் இருந்தது. விடியற்காலையில் முதியவரின் உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெயைத் தாராளமாகத் தேய்த்துக் குளிர்ந்த நீரில் நீராட்டி, பகல் முழுவதும் இளநீரை மேன்மேலும் புகட்டி, காய்ச்சலும் சிறுநீரகச் சீர்கேடும் உண்டாகி ஓரிரு தினங்களில் பிராணன் பிரியும்படி செய்யும் தலைக்கூத்தல்தான் அது. 2010-ஆம் ஆண்டில் பத்திரிகைகள் இதைப் பற்றி விரிவாக எழுதியபோதுதான் விருதுநகர் மாவட்டத்துக்கு வெளியே இருந்தவர்கள் பலர் அப்படி ஒன்று உண்டென்பதையே அறிந்தனர். அதன் பின் திரைப்படங்களும் இதைக் கையாண்டன. 2019-இல் வெளிவந்த 'கே.டி. (எ) கருப்புதுரை', நினைவின்றிக் கிடந்த கிழவர் விழித்தெழுந்து, தம்மை அனுப்பிவைக்கக் குடும்பத்தார் செய்யும் ஏற்பாட்டைத் தம் காதாலேயே கேட்டுவிட்டு வீட்டைவிட்டு வெளியேறும் கதை. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்ற 'பாரம்' இதே வழக்கத்தை இன்னும் நேராகப் பேசுகிறது.

தலைக்கூத்தலைக் கொலை என்று சட்டம் கருதுகிறது. அதில் அபிப்பிராய பேதத்துக்கு இடமில்லை. எனினும், நகரத்தில் எழுதுகிறவர்கள் இதை ஒருபுறம் காட்டுமிராண்டித்தனம் என்றும் மறுபுறம் கருணைக்கொலை என்றும் இரண்டே கூடைகளில் போடுவது எனக்கு உடன்பாடன்று. மானாவாரிக் காட்டில் கூலிக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில், மலமூத்திரம் படுக்கையிலேயே போகிற மாமனாருக்குத் துணி மாற்றிக்கொண்டு மருமகள் மாதக்கணக்கில் வீட்டில் இருக்க நேர்ந்தால், அந்த வீட்டின் வருமானத்தில் ஒரு பங்கு அப்படியே நின்றுபோகிறது. தீர்மானம் மகனுடையது, சுமை மருமகளுடையது. பந்துக்களுக்குச் சொல்லியனுப்பி அவர்கள் வந்து பார்த்துச் சென்றபின் காரியம் நடப்பதுண்டு என்பதால், அது கூட்டுச் சம்மதத்தின் தோற்றத்தையும் பெற்றது. அந்தக் கூட்டத்தில் கருத்துக் கேட்கப்படாதவர்கள் இருவர்: கிடப்பவர் ஒருவர், அவரைக் கழுவித் துடைத்தவர் மற்றொருவர்.

ஆஸ்பத்திரி இக்கதைக்குள் தாமதமாகவே நுழைகிறது. 1949-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவை மருத்துவத் துறையை ஏற்படுத்தினார். அடுத்த ஆண்டில் சென்னைப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி அப்பணியைத் தொடங்கினார். ஆனால் சாத்தூர்ச் சாலையில் அடிபட்ட லாரி ஓட்டுநருக்கு வேலூரும் சென்னையும் எட்டாத தூரங்கள். அவருக்குக் கிடைத்தது மதுரை. 1985-இல் விருதுநகர் ராமநாதபுரத்திலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி மாவட்டமான பிறகும், 2022 ஜனவரியில் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்படும் வரையில், தலைக்காயம் என்றாலே 'மதுரைக்குக் கொண்டுபோங்கள்' என்பதே இங்கு வைத்திய ஆலோசனையாக இருந்தது. சிவகாசியிலிருந்து மதுரைக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர். அந்த வழியிலேயே மூளைக்குப் பிராணவாயு குறைந்து, காயத்தைக் காட்டிலும் பெரிய கேடு விளைந்துவிடுவதும் உண்டு.

அங்கே போய்ச் சேர்ந்தவர்களை எதிர்கொண்டது சுவாச யந்திரம். அதன் பூர்வோத்தரம் நினைவுகூரத் தக்கது. 1952-இல் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவிச் சுவாசத் தசைகள் முடங்கியபோது, மயக்க மருந்து நிபுணர் பியோன் இப்சன் நோயாளிகளின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருக, மருத்துவ மாணவர்கள் இரவுபகலாக முறைவைத்துக் கையால் பையை அழுத்திக் காற்றைச் செலுத்தினர். தீவிர சிகிச்சைப் பிரிவு என்பது அங்கிருந்தே பிறந்தது என்பர். நான்காண்டுகள் கழித்து அதே டென்மார்க்கில் உருவான ஆம்பு பை நம் அரசு மருத்துவமனைகளுக்கும் வந்தது. யந்திரம் காலியாக இல்லாதபோது, நோயாளியின் தம்பியோ மைத்துனனோ கட்டிலோரத்தில் உட்கார்ந்து அந்தப் பையை மணிக்கணக்கில் அழுத்திக்கொண்டிருக்கும் காட்சி அங்கே புதிதன்று. கோபன்ஹேகனில் மாணவர் செய்ததை இங்கே உறவினர் செய்தனர். வேற்றுமை என்னவென்றால், எப்போது நிறுத்துவது என்பதும் அந்தக் கைகளிலேயே வந்து விழுந்ததுதான்.

வைத்திய சாஸ்திரம் இதற்கிடையில் நினைவிழப்பை நுணுக்கமாக அளக்கக் கற்றுக்கொண்டது. கண் திறத்தல், பேச்சு, அசைவு மூன்றையும் பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பிடும் கிளாஸ்கோ அளவுகோல் 1974-இல் வெளியாயிற்று. அதற்கு இரண்டாண்டு முன்னரே, கண் திறந்திருந்தும் பிரக்ஞை இல்லாத நெடுநாள் நிலைமையை ஜென்னட், பிளம் என்னும் இருவர் தனி நோய்நிலையாக வகுத்திருந்தனர். தாழ்வாரத்தில் காத்திருந்த குடும்பத்தாருக்கோ இவையெல்லாம் ஒரு வாக்கியமாகவே வந்து சேர்ந்தன: 'இனி எங்களால் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.' சொந்தப் பொறுப்பில் அழைத்துச் செல்வதாகக் கையெழுத்து வாங்கப்பட்டது. நிறுத்தியது வைத்தியரா, குடும்பமா, கையிருப்பா என்று எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை. தனியார் மருத்துவமனையில் நகையும் நிலமும் கரைந்துகொண்டிருக்கையில் செய்யப்படும் அத்தகைய தீர்மானத்தைச் சுதந்திரமான சம்மதம் என்று சொல்ல நமக்கு நாக்கூசவேண்டும். 2021 டிசம்பர் 18-ஆம் நாள் மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டம், சாலை விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் செலவை 1 லட்சம் ரூபாய் வரை அரசே ஏற்கச் செய்ததனால், முதலிரண்டு நாட்களேனும் பணத்தைப் பார்த்து முடிவெடுக்கும் நிர்ப்பந்தம் தளர்ந்தது. தலைக்காயத்தின் போக்கு தெரியவரும் காலமும் பெரும்பாலும் அதுதான் என்பதால் இதன் பிரயோஜனம் சிறிதன்று.

சிவகாசிக்கு வந்தால் கணக்கு வேறுவிதமாகிறது. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த நாள்தொட்டு, தீக்குச்சியும் பட்டாசும் இவ்வூரின் சோறாகிவிட்டன. மருந்துக் கலவை அறையில் உராய்வினால் பற்றும் தீ சதையை எரிப்பதோடு நிற்பதில்லை. வெடிப்பின் வேகம் ஆளைத் தூக்கிச் சுவரில் அடிக்கிறது, இடிந்த கூரை தலைமேல் விழுகிறது, புகை மூச்சை அடைத்து மூளையைப் பட்டினி போடுகிறது. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12-இல் அச்சங்குளத்திலும் நிகழ்ந்த பெருவிபத்துகளை நாடறியும். இத்தகைய விபத்துகளின் பின் அரசு அறிவிக்கும் நிவாரணம், அண்மை ஆண்டுகளில் பெரும்பாலும், இறந்தவர் குடும்பத்துக்கு 3 லட்சம், பலத்த காயமடைந்தவருக்கு 1 லட்சம் என்னும் விகிதத்தில் அமைந்தது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டமோ தலைகீழான நியாயத்தைக் கொண்டது. வேலையில் இறந்தவருக்கு மாதச் சம்பளத்தில் 50 சதவீதத்தை வயதுக்குரிய காரணியால் பெருக்கித் தரச் சொன்ன அச்சட்டம், உயிரோடிருந்தும் முற்றும் செயலிழந்தவருக்கு 60 சதவீதத்தை அடிப்படையாகக் கொண்டது. சாவைவிடக் கிடப்பது செலவு மிகுந்தது என்ற உண்மையைப் பழைய சட்டம் கண்டிருக்க, புதிய நிவாரண அறிவிப்புகள் அதைக் காணாதது விந்தையே. குத்தகைக்கு விடப்பட்ட ஆலையில், பெயர்ப் பதிவேடில்லாமல் வேலை செய்தவருக்கு அந்தச் சட்டத்தின் பயனும் எளிதில் எட்டியதில்லை என்பது வேறு சங்கதி.

2008-ஆம் ஆண்டு இச்சரித்திரத்தில் ஒரு திருப்பம். அவ்வாண்டு செப்டம்பரில் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்த திருக்கழுக்குன்றத்துச் சிறுவன் ஹிதேந்திரனின் உறுப்புகளை, மருத்துவர்களான பெற்றோர் தானமளித்தனர். போக்குவரத்தை நிறுத்தி வழிவிட்டுச் சென்னை நகரின் ஊடே கொண்டுசெல்லப்பட்ட இதயம் ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்தில் நான்கு மருத்துவர்கள், ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதனை என்று ஏற்கெனவே எழுதப்பட்டிருந்ததெல்லாம் அதன் பின்புதான் சாமானிய ஜனங்களின் பேச்சுக்கு வந்தது. 2023 செப்டம்பரில், உறுப்பு தானம் செய்தோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று தமிழக முதல்வர் அறிவித்தார். குடும்பத்தின் சம்மதம் முதன்முறையாகக் கௌரவமான ஒரு பொதுக் காரியமாயிற்று. ஆயினும் குறை ஒன்று எஞ்சியது: உறவினர் தானத்துக்கு இசையாவிட்டால் யந்திரத்தை என்ன செய்வது என்பதைப் பற்றி அச்சட்டம் வாய்திறக்கவில்லை. மூளைச்சாவு அடையாமல் நினைவு மட்டும் இழந்தவரைப் பற்றிப் பேச வேண்டிய அவசியமும் அதற்கு இருக்கவில்லை.

அந்த இடத்தை நிரப்பியது அருணா ஷான்பாக் வழக்கு. பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையின் தாதியான அவர், 1973 நவம்பர் 27-இல் அங்கேயே பணியாற்றிய ஒருவனால் நாய்ச் சங்கிலியால் கழுத்து நெரிக்கப்பட்டு, மூளைக்கு இரத்தம் செல்லாமல் பிரக்ஞை இழந்தார். எழுத்தாளர் பிங்கி விரானி அவருக்கு உணவூட்டுவதை நிறுத்தும்படி கோரியபோது, 2011 மார்ச் 7-இல் மார்க்கண்டேய கட்ஜு, ஞான் சுதா மிஸ்ரா ஆகிய உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அளித்த தீர்ப்பு, உயிர்தாங்கும் சிகிச்சையை உயர் நீதிமன்ற அனுமதியோடு விலக்கலாம் என்று பொதுவில் ஒப்புக்கொண்டது. ஆனால் அருணாவின் விஷயத்தில் பேசத் தகுதியுடையவர் மனுதாரர் அல்லர், அத்தனை ஆண்டுகள் அவரைப் பராமரித்த கே.இ.எம். ஊழியர்களே என்றது. அவர்களோ அவர் வாழவேண்டும் என்றனர். தலைமுறை மாறி மாறி வந்த தாதிகள் அவருக்குப் படுக்கைப்புண் வராமல் காத்தது அவ்வழக்கின் பிரசித்தமான செய்தி. 2015 மே 18-இல் நிமோனியாவால் அவர் காலமானார். என் மதிப்பில், அந்தத் தீர்ப்பின் சாரம் அனுமதியில் இல்லை. இரத்த பந்தத்தைக் காட்டிலும் பராமரிப்பையே உறவின் இலக்கணமாக அது கொண்டதில் இருக்கிறது. கரிசல் வீட்டில் கருத்துக் கேட்கப்படாத மருமகள், இந்த நியாயத்தின்படி, முதலில் கேட்கப்பட வேண்டியவள் ஆகிறாள்.

ஆனால் அந்த நியாயத்திலேயே ஓர் இடறலும் உண்டு. கே.இ.எம். தாதிகள் பலர், மாதச் சம்பளம் பெற்றவர்கள், பணிநேரம் முடிந்து வீடு சென்றவர்கள். ஒற்றை ஆளாய்ப் பார்த்துக்கொள்கிறவரின் சோர்வு அவர்களைத் தீண்டவில்லை. தலைக்கூத்தலுக்கு எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்ததும் ஒருகாலத்தில் கஞ்சி புகட்டிய அதே கையாக இருந்திருக்கலாம்.

பிற்காலத் தீர்ப்புகள் இந்தச் சோர்வை நோக்கவில்லை. 2018 மார்ச் 9-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு கண்ணியமாக இறக்கும் உரிமையை அங்கீகரித்து, முன்கூட்டியே எழுதிவைக்கும் மருத்துவ உயிலையும் ஏற்றது. எனினும் மாஜிஸ்திரேட்டின் மேலொப்பம், 20 ஆண்டு அனுபவமுள்ள நிபுணர்களின் குழு, அதன் மேல் கலெக்டர் அமைக்கும் மற்றொரு குழு என்று அதில் அடுக்கிய நிபந்தனைகளை ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் நிறைவேற்றுவது கனவாகவே இருந்தது. 2023 ஜனவரி 24-இல் இவை தளர்த்தப்பட்டன: நோட்டரியோ கெஸட் பதிவு பெற்ற அதிகாரியோ சான்றளித்தால் போதும், அனுபவம் ஐந்தாண்டு போதும், இரு குழுக்களையும் மருத்துவமனையே அமைக்கலாம், இரண்டாம் குழுவில் மாவட்ட மருத்துவ அதிகாரி நியமிப்பவர் ஒருவர் இருக்கவேண்டும், கூடியவரை 48 மணி நேரத்தில் முடிவு சொல்லவேண்டும். உயில் இல்லாதவருக்கு நெருங்கிய உறவினரின் சம்மதம் வேண்டும்.

நிறுத்துவதற்கான முறை இவ்வாறு செப்பனிடப்பட்டது. நிறுத்தாமல் வீடு திரும்புகிறவர்களின் கதி என்ன? மூக்கின் வழியே இரைப்பைக்குச் செல்லும் குழாயில், ஒவ்வொரு வேளையும் தலைமாட்டை உயர்த்தி, குழாய் நகர்ந்திருக்கிறதா என்று பார்த்து, துணியில் வடிகட்டிய கேழ்வரகுக் கஞ்சியைப் பெரிய ஊசிக்குழலில் நிரப்பித் தானாக இறங்கவிட்டு, கடைசியில் வெந்நீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். அவசரப்பட்டால் கஞ்சி நுரையீரலுக்குள் போய்விடும். தொண்டைத் துளையில் சளியை உறிஞ்சி எடுக்க வேண்டும். இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இரவிலும். இதையெல்லாம் வார்டை விட்டுக் கிளம்பும் நாளில் தாதி ஒருவர் அரைமணியில் சொல்லிக்கொடுக்கிறார்; கற்றுக்கொள்பவர் பெரும்பாலும் மனைவி அல்லது தாய்.

2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சியும் வலிதணிப்புப் பராமரிப்பும் தரும் ஏற்பாடு இருப்பது இவ்வகையில் நெடுநாள் குறையொன்றைத் தீர்க்கப் புறப்பட்ட முயற்சி. அப்படி வீடு தேடிச் செல்லும் ஊழியருக்குக் குடும்பத்தின் நிலை குழுவிலுள்ள நிபுணர்களைவிட நன்றாகத் தெரியும்: யார் புரட்டிப் படுக்கவைக்கிறார், அவர் வேலையை விட்டுவிட்டாரா, புண் எந்த வாரத்தில் தோன்றியது என்பன அவர் கண்ணெதிரே உள்ளவை. வீட்டிலிருந்து மறுபடி ஆஸ்பத்திரிக்கு வரும் நோயாளியைப் பற்றி மருத்துவமனையின் இரண்டாம் குழு கூடும்போது, உறவினரின் கையெழுத்தோடு அந்த ஊழியரின் குறிப்பையும் கேட்டுவாங்கும்படி ஒரு சுற்றறிக்கை அனுப்புவதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. விருதுநகர் மருத்துவக் கல்லூரி இதை முதலில் செய்து பார்க்கலாம்.