தொலை

தொலை (பெயரடை): இடத்தாலோ காலத்தாலோ எட்ட இருப்பதைக் குறிக்கும் சொல். தனித்து வருவது அருகல். தொலைபேசி, தொலைநோக்கு எனத் தொகையிலேயே பெரிதும் வழங்கும்.

பழைய இலக்கியத்தில் தூரம் இதன் முதற்பொருளன்று. சங்க நூல்களில் தொலைதல் என்றால் அழிதல், தோற்றல், தீர்தல். திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்தில் (762) வரும் ‘தொலைவு’ம் படை குறைந்து நலிந்த நிலையையே சுட்டுகிறது. எட்டத்தைச் சொல்ல அன்று சேய், சேண் ஆகியவை இருந்தன. சேய் குழந்தையையும் முருகனையும்கூடக் குறித்தது. அது வழக்கொழிய இப்பொருள் மயக்கம் காரணமா என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை. இலக்கணத்தில் மட்டும் ‘சேய்மைச் சுட்டு’ எனத் தங்கிவிட்டது.

அழிவைக் குறித்த சொல் தூரத்தைக் குறிக்க வந்த வழியை எல்லைப்புற மொழிகள் ஓரளவு காட்டுகின்றன. கன்னடத்திலும் தெலுங்கிலும் உள்ள ‘தொலகு’ இதன் இனச்சொல்லாகக் கருதப்படுகிறது. அதற்கு விலகு, அகன்று போ என்று பொருள். விலகியது எட்டப் போகும். எட்டப் போனது கண்ணுக்குத் தப்பும். கிருஷ்ணகிரி–ஓசூர் நெடுஞ்சாலையில் குருபரப்பள்ளி போன்ற ஊர்களில் மூன்று மொழிகளும் புழங்குகின்றன. ஆயினும் பேச்சில் மூன்றுக்கும் பொதுவானது வடசொல்லான தூரம்தான். கன்னடத்தார் தொலைபேசியைத் ‘தூரவாணி’ என்று எழுதுவர். தமிழிலோ இரண்டையும் விடாமல் ‘தொலைதூரப் பேருந்து’ என்கிறோம்.

வசையில் பழம்பொருள் இன்னும் உயிரோடிருக்கிறது: “தொலைஞ்சு போ.” நேரங்கழித்து வருபவனிடம் “எங்கடா தொலைஞ்சே?” என்று கேட்கையில் இரு பொருளும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன.

இருபதாம் நூற்றாண்டுக் கலைச்சொல்லாக்கம் இச்சொல்லுக்கு மறுவாழ்வு தந்தது. சென்னையில் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்புத் தொடங்கிய நிலையத்தின் பெயர் தூர்தர்ஷன், தமிழ் ஏடுகள் அக்கருவிக்கு இட்ட பெயர் தொலைக்காட்சி, வீடுகளில் டி.வி.

காலப்பொருளில் தொலைநோக்கு என்பதே பெருவழக்கு. தமிழக அரசு 2012இல் வெளியிட்ட ‘தொலைநோக்குத் திட்டம் 2023’ ஓர் எடுத்துக்காட்டு. அந்த ஆண்டும் கழிந்துவிட்டது.

அண்மைக் காலத்தில் தொலைமருத்துவம் போன்றவை சேர்ந்துள்ளன. ரிமோட்டுக்குத் தொலையியக்கி என்ற பெயர் உண்டு. வீடுகளில் ரிமோட்டைத்தான் தொலைக்கிறார்கள்.