வெள்ளாற்றங்கரையில் இரண்டு டேனியப் பெண்கள்: மிஷன், விசுவாசம், தேசியக் கல்வி

கடலூர் துறைமுகச் சந்திப்பிலிருந்து சிதம்பரம் செல்லும் ரயில் பாதையில், ஆலப்பாக்கத்தையும் புதுச்சத்திரத்தையும் தாண்டினால் பரங்கிப்பேட்டை வரும். வெள்ளாறு கடலோடு கலக்கும் இந்த ஊரை வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இரண்டு செய்திகளுக்காகவே குறிப்பிடுகின்றன. ஒன்று, 1781 ஜூலை 1 அன்று ஐதர் அலியின் படைக்கும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படைக்கும் நடந்த போர். மற்றொன்று, 1830-களில் ஜோசையா மார்ஷல் ஹீத் இங்கே நடத்திய இரும்பாலை. மூன்றாவது செய்தி ஒன்றும் இந்த ஊருக்கு உண்டு. 1921 செப்டம்பரில் காந்தி இங்கே ஒரு பெண்கள் பள்ளிக்கு அடிக்கல் நாட்டினார். பள்ளியின் பெயர் சேவா மந்திர். நிறுவியவர் ஆன் மேரி பீட்டர்சன் என்ற டென்மார்க் நாட்டு மிஷனெரி. காந்தியின் தமிழகப் பயணப் பட்டியல்களில் இந்நிகழ்ச்சிக்கு ஒரு வரி கிடைக்கும். திருச்சபை வரலாறுகளில் அதுவும் அரிது.

வெளிநாட்டு மிஷன் பயணங்களைப் பற்றிய எழுத்து வழக்கமாக இரண்டு வடிவங்களில் அமைகிறது. பழைய வடிவத்தில், கடல் கடந்து வந்தவர் கொடுப்பவராகவும் உள்ளூர்ப் பெண் பெறுபவராகவும் இருப்பார்கள். இன்றைய வடிவத்தில் பாத்திரங்கள் மாறுகின்றன: வறுமையிலும் தளராத ஒரு பெண்ணின் விசுவாசத்தைக் கண்டு வந்தவர் நெகிழ்கிறார், ஊக்கம் பெறுகிறார், ஊர் திரும்புகிறார். இரண்டிலும் மிஷனின் அதிகாரம், பணம், முடிவெடுக்கும் உரிமை ஆகியவை இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஒரு சந்திப்பின் உண்மையை அதன் நெகிழ்ச்சியைக் கொண்டு அளக்க முடியாது. அதற்குப் பின் வந்தவர் எதைக் கைவிட்டார் என்பதைக் கொண்டே அளக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம். கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் இதற்கு வலுவான சான்று ஆன் மேரி பீட்டர்சன் (1878–1951), எஸ்தர் ஃபெரிங் (1889–1962) ஆகிய இருவரின் வாழ்க்கை.

இந்த வட்டாரத்துக்கு மிஷனெரிகளின் வருகை புதிதன்று. 1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கின் மிஷன், 1717-இல் கடலூரில் ஒரு தருமப் பள்ளியைத் தொடங்கியது. சுவீடனைச் சேர்ந்த கீர்நாண்டர் 1740 முதல் கடலூரில் ஊழியம் செய்தார். 1758-இல் புனித டேவிட் கோட்டை பிரெஞ்சுக்காரர் வசமானதும் அவர் கல்கத்தாவுக்குப் போய்விட்டார். அடுத்த நூற்றாண்டில், சாதிப் பழக்கங்களுக்குச் சபைக்குள் இடம் தரலாமா என்ற பூசலில் லைப்சிக் மிஷனிலிருந்து பிரிந்த கார்ல் ஓக்ஸ், 1860-களின் தொடக்கத்தில் மேல்பட்டாம்பாக்கத்தில் பணியைத் தொடங்கினார். டேனிஷ் மிஷன் சங்கம் அவரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. இன்று கடலூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஆற்காடு லுத்தரன் திருச்சபை அந்தப் பணியின் வழியில் வந்தது.

ஓக்ஸின் பிரிவை இங்கே நினைவூட்டக் காரணம் உண்டு. டேனிஷ் மிஷனின் தமிழகப் பணி ஒரு மனச்சாட்சிப் பிரச்சினையில் பிறந்தது. அரை நூற்றாண்டு கழித்து அதே மிஷனுக்குள் இரண்டு பெண்கள் வேறொரு மனச்சாட்சிப் பிரச்சினையை எழுப்பியபோது, அதற்கு அங்கே இடம் இருக்கவில்லை.

பீட்டர்சன் 1909-இல் இந்தியா வந்தார். பெண்கல்வியே அவருக்கு ஒப்படைக்கப்பட்ட துறை. மிஸ்ஸியம்மாக்கள் என்று மக்கள் அழைத்த மணமாகாத மிஷனெரிப் பெண்களின் நிலை விசித்திரமானது. அவர்கள் பள்ளி நடத்தினார்கள், போர்டிங் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார்கள், பைபிள் உமன் எனப்பட்ட உள்ளூர்ப் பெண் ஊழியர்களோடு வீடு வீடாகப் போனார்கள். குருப்பட்டமோ பிரசங்க மேடையோ அவர்களுக்கு இல்லை. அந்த ஓரத்து இருக்கைக்கு ஒரு பலனும் இருந்தது: ஆண் மிஷனெரி நுழைய முடியாத உள்முற்றங்களில் தமிழ்ப் பெண்களோடு தரையில் அமர்ந்து பேச அவர்களால் முடிந்தது. அதிகாரத்தின் மையத்தில் இல்லாதவர்களுக்கு அதைக் கேள்வி கேட்பதும் சற்று எளிது.

புதிய பெண்கள் பள்ளி ஒன்றுக்காக இந்தியக் கல்விக்கூடங்களைப் பார்வையிடப் புறப்பட்ட பீட்டர்சன், 1917 ஜனவரியில் அதே மிஷனைச் சேர்ந்த எஸ்தருடன் காந்தியின் அகமதாபாத் ஆசிரமத்துக்குச் சென்றார். ஆசிரமம் அப்போது கோச்ரப்பில் இருந்தது, சபர்மதிக்கு மாறவில்லை. சம்பாரண் போராட்டமும் தொடங்கியிருக்கவில்லை. அதாவது காந்தியைப் பெரும் தேசத் தலைவராக நாடு அறியும் முன்பே இவ்விருவரும் அவரைக் கண்டார்கள். புகழால் ஈர்க்கப்பட்டுப் போனவர்கள் என்று இவர்களை ஒதுக்கிவிட முடியாது.

பிறகு நடந்ததை விளங்கிக்கொள்ள டென்மார்க்கின் வரலாறு தேவைப்படுகிறது. பீட்டர்சன் கிருண்ட்விக்கின் (1783–1872) சிந்தனை மரபில் வளர்ந்தவர். தேர்வையும் மனப்பாடத்தையும் ஒதுக்கி, தாய்மொழி, பாட்டு, நாட்டு வரலாறு, உழைக்கும் மக்களின் வாழ்வு ஆகியவற்றின்மேல் கல்வியைக் கட்ட வேண்டும் என்றவர் கிருண்ட்விக். அவர் வழியில் முதல் மக்கள் உயர்பள்ளி 1844-இல் ரோடிங்கில் தோன்றியது. ஜெர்மன் மொழியின் அழுத்தத்துக்கு எதிரே டேனிய மொழியைக் காப்பதும் அதன் நோக்கம். 1864 போரில் டென்மார்க் தோற்றபின் ரோடிங் இருந்த பகுதி 1920 வரை ஜெர்மானியர் கையில் இருந்தது. அன்னிய ஆட்சியின் கீழ் ஒரு மொழியும் பள்ளியும் என்ன பாடுபடும் என்பதை டேனியப் பெண் ஒருத்திக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. காந்தி தேசியக் கல்வி என்று பேசியபோது, பீட்டர்சன் தன் ஊரின் குரலையே அதில் கேட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. மனிதராக வாழக் கற்பது முதலில், கிறிஸ்தவராவது அதன்பின் என்ற கிருண்ட்விக்கின் எண்ணமும் அவரைத் தயார் செய்திருந்தது.

அரசியல் சூழலோ கடுமையானது. முதல் உலகப் போரில் ஜெர்மன் மிஷனெரிகள் காவலில் வைக்கப்பட்டு வெளியேற்றப்பட்டார்கள். டென்மார்க் நடுநிலை நாடு. இருந்தும் பிரிட்டிஷார் அல்லாத மிஷனெரிகள் அனைவரும் அரசின் கண்காணிப்பில் இருந்தார்கள். மிஷன் பள்ளிகளோ 1854 முதல் நடைமுறைக்கு வந்த அரசு மானியத்தை நம்பி இயங்கின. மிஷனெரி ஒருவர் காந்தியோடு பழகினால் விசாவும் மானியமும் சேர்ந்தே ஆட்டம் காணும். எஸ்தர் ஆசிரமத்தோடு கொண்ட தொடர்புக்கு அரசும் மிஷனும் முட்டுக்கட்டை போட்டன. தன் சங்கத்துக்குக் கீழ்ப்படிவதா, மனச்சாட்சிக்கா என்று அவர் தவித்தார். கடைசியில் மிஷனை விட்டு விலகினார். பீட்டர்சனும் அதே முடிவுக்கு வந்தார். அவர் காந்திக்கு எழுதிய கடிதம் 1920-இல் 'யங் இந்தியா'வில் வெளியானது. கிறிஸ்துவே தன் புகலிடம் என்பதையும் இந்தியாவுக்குத் தன்னை ஒப்புக்கொடுத்ததையும் அவர் அதில் ஒரே மூச்சில் சொன்னார். இவர்கள் காந்தியின் சமயத்துக்கு மாறிவிட்டதாகக் கருதுவோருக்கு அந்தக் கடிதமே போதிய மறுப்பு.

எஸ்தருக்குக் காந்தி எழுதிய கடிதங்களை ஆலிஸ் பார்ன்ஸ் தொகுக்க, நவஜீவன் 1956-இல் 'மை டியர் சைல்ட்' என்ற நூலாக வெளியிட்டது. அக்கடிதங்கள் தரும் சித்திரம் முழுக்க இனிமையானது அன்று. அவற்றின் மதிப்பே அதில்தான் இருக்கிறது. 1920-இன் தொடக்கத்தில் காந்தி பஞ்சாபில் இருந்தார். ஆசிரமத்தில் கஸ்தூரிபாவுக்கும் எஸ்தருக்கும் இடையே உரசல் எழுந்தது. தூரத்திலிருந்து காந்தி எஸ்தரைத் தேற்றவும், கஸ்தூரிபாவின் இயல்பைப் புரியவைக்கவும் வேண்டியிருந்தது. ஆழ்ந்த பக்தியுள்ள இரண்டு பெண்கள் ஒரு கூரையின் கீழ் வாழும்போது, சமையலறையும் பழக்கவழக்கங்களும் இடையில் வந்து நிற்கும். வந்தவரைக் கண்டதும் உள்ளூர்ப் பெண் மலர்ந்த முகத்தோடு உபசரித்தாள் என்று மட்டும் எழுதும் பயணக் குறிப்புகள், கஸ்தூரிபாவுக்குக் கோபப்படும் உரிமையைத் தருவதில்லை. எஸ்தர் அந்தக் கோபத்தையும் ஏற்றுக்கொண்டு அங்கே இருந்தார். விருந்தாளி நிலையிலிருந்து வீட்டாள் நிலைக்கு வருவது இப்படித்தான் நடக்கும். பின்னர் அவர் ஈ. கே. மேனன் என்ற மலையாள மருத்துவரை மணந்தார். பரங்கிப்பேட்டையும் அவர்கள் வாழ்ந்த ஊர்களில் ஒன்றானது.

சேவா மந்திருக்கு வருவோம். அது கிறிஸ்தவப் பள்ளி என்பதைப் பீட்டர்சன் ஒருபோதும் மறைக்கவில்லை. அரசின் மானியமும் மிஷன் சங்கத்தின் ஆணையும் இல்லாத தேசியப் பள்ளியாக அது இருக்க வேண்டும் என்பதே அவர் விருப்பம். பெண்பிள்ளைகள் அங்கே ராட்டையில் நூற்றார்கள். பீட்டர்சன் தாமும் கதர் உடுத்தினார். காந்தி அவரைத் தன் கடிதங்களில் மரியா என்று அழைத்தார். 1951-இல் இறக்கும்வரை அந்தப் பள்ளியே அவர் வாழ்க்கை.

இங்கே ஒரு மறுப்பை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். அரசு மானியத்தை மறுத்த பள்ளிக்கு டென்மார்க்கில் இருந்த நண்பர்கள் பணம் அனுப்பினார்கள். வெளிநாட்டுப் பணத்தில் நடப்பது எப்படித் தேசியப் பள்ளியாகும்? கேள்வி நியாயமானது, அந்த முரண்பாடு கடைசிவரை முற்றாகத் தீரவில்லை. ஆனாலும் ஆளும் அரசின் மானியமும் தனிமனிதரின் அன்பளிப்பும் ஒன்றாகிவிடா. மானியம் பாடத்திட்டத்தையும் விசுவாசத்தையும் அரசுக்குக் கட்டிப்போட்டது. நண்பர்களின் பணம் அந்தக் கட்டைப் போடவில்லை. 1910-இல் எடின்பரோ மிஷன் மாநாட்டில் இந்தியத் திருச்சபைத் தலைவர் வி. எஸ். அசரியா, மேலைநாட்டாரிடம் தியாகத்தையும் உழைப்பையும்விட நட்பையே கேட்டார். மாநாட்டு அரங்கில் பலருக்கு அது உறுத்தியது. அந்த வேண்டுகோளுக்கு ஆற்காடு மிஷன் பகுதியிலிருந்து செயலில் கிடைத்த பதில்களில் பரங்கிப்பேட்டையை முதன்மையானதாகவே கொள்ள வேண்டும்.

சேவா மந்திருக்கு அடிக்கல் நாட்டப்பட்ட அதே 1921-இல் கடலூர் முதுநகரைச் சேர்ந்த அஞ்சலை அம்மாள் ஒத்துழையாமை இயக்கத்தில் இறங்கினார். 1927-இல் சென்னையில் ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரிய போராட்டத்தில் மகள் அம்மாக்கண்ணுவோடு சிறை சென்றார். காந்தி அந்தச் சிறுமிக்கு லீலாவதி என்று பெயரிட்டு வார்தா ஆசிரமத்துக்கு அழைத்துக்கொண்டார். 1934-இல் காந்தி கடலூர் வந்தபோது அரசின் தடையை மீறி, பர்தா அணிந்து குதிரை வண்டியில் வந்து அவரைச் சந்தித்தார் அஞ்சலை அம்மாள். டென்மார்க்கிலிருந்து வந்த பெண்கள் ஆசிரமம் வழியாகப் பரங்கிப்பேட்டைக்கு வந்தார்கள். கடலூரின் மகள் ஆசிரமத்துக்குப் போனாள். இந்த இரு பயணங்களையும் இணைத்து வாசிக்கும் ஆய்வு தமிழில் வர வேண்டும். மிஷன் வரலாற்றைத் தனி அறையிலும் விடுதலை வரலாற்றைத் தனி அறையிலும் பூட்டி வைத்ததால், ஒரே மாவட்டத்துப் பெண்களின் கதை இரண்டாக வெட்டுப்பட்டுக் கிடக்கிறது.

குறுகிய காலப் பயணங்களின் எல்லையை அண்மைக் கால நிகழ்ச்சி ஒன்றும் காட்டுகிறது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பரங்கிப்பேட்டை முஸ்லிம் ஜமாஅத்தார், வீடிழந்த இந்து மீனவக் குடும்பங்களுக்கு உணவும் இடமும் தந்தார்கள். பல நாட்டுத் திருச்சபைகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அவர்கள் செய்த உதவி பெரிது. ஆனால் சில வாரங்களில் திரும்பிவிடும் பயணங்களால் ஒரு பீட்டர்சன் உருவாக முடியாது. மொழி கற்கவும், கோபத்தைத் தாங்கவும், தன்னை அனுப்பியவர்களோடு முரண்படவும் ஆண்டுகள் வேண்டும்.

சேவா மந்திர் இன்றும் மேல்நிலைப் பள்ளியாக நடக்கிறது. பீட்டர்சனும் எஸ்தரும் டேனிய மொழியில் எழுதியவை தமிழில் வர வேண்டும். அங்கே படித்து மூதாட்டிகளான பெண்களின் நினைவுகளை, அவர்களோடு அவை மறைந்துபோகும் முன் பதிவு செய்ய வேண்டும். சிதம்பரத்தில் பல்கலைக்கழகமும் கடலூரில் திருச்சபைத் தலைமையகமும் இருக்கின்றன; பள்ளி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. இந்தப் பணியை அவ்விரு நிறுவனங்களும் சேர்ந்து தாமதமின்றி மேற்கொள்ள வேண்டும்.